கூரை போட்ட பாலம் நம் பக்கம் உண்டா? தென்பெண்ணை ஓரமாக ஒரு நாள்

8 ஜூன் 2025, ஞாயிறு: ஓசூர் வாசகரின் கேள்வி

அமெரிக்காவில் ஆற்றுக்கு மேல் வீடு கட்டியதுபோல் கூரையும் பக்கச் சுவரும் வைத்த மரப்பாலங்கள் இருக்கின்றன. இலையுதிர் காலத்தில் அவற்றைப் பார்ப்பதற்கென்றே மக்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அப்படி ஒரு பாலமாவது உண்டா? விடுமுறை நாளில் குடும்பத்தோடு போய்ப் பார்க்கும்படி இங்கே பாலம் என்று ஏதாவது இருக்கிறதா, அல்லது வழக்கம்போல் ஒகேனக்கல்தானா?

8 ஜூன், இரவு: என் பதில்

கூரை போட்ட பாலம் நான் அறிந்தவரை இங்கே இல்லை. பார்க்கத் தகுந்த பாலங்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வரை தென்பெண்ணையை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் ஒரு நாள் போதாது. வழியைப் பிறகு எழுதுகிறேன். கூரையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

9 ஜூன்

போன அக்டோபரில் நியூ ஹாம்ப்ஷயரில் தங்கை வீட்டில் இருந்தேன். அவர்கள் அழைத்துப் போய்க் காட்டிய பாலம், கனெக்டிகட் ஆற்றின் மேல் நியூ ஹாம்ப்ஷயரின் கார்னிஷ் ஊரையும் வெர்மாண்டின் வின்ட்சரையும் இணைப்பது. 1866-இல் கட்டியது, நீளம் சுமார் 450 அடி. அதே இடத்தில் அதற்கு முன் இருந்த பாலங்களை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. வாசலுக்கு மேல் ஒரு பலகை: குதிரையை நடத்திக்கொண்டு போ, இல்லையேல் இரண்டு டாலர் அபராதம். இன்று கார்கள் போகின்றன. பலகையை எடுக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் சட்டென்று இருட்டு. கண் பழகியபின் பார்த்தால் இரு பக்கமும் கனத்த மரச்சட்டங்கள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, மூங்கில் தட்டி முடைந்ததைப்போல் நிற்கின்றன. பாலத்தின் பலமெல்லாம் அந்தப் பின்னலில்தான் இருக்கிறது. இத்தியேல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820-இல் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பலகைகளைக் குறுக்கே போட்டு மர ஆணி அடித்தால் போதும் என்பதால் ஊர்த் தச்சர்களே கட்டிவிட முடிந்தது.

கூரை எதற்கு? அந்தப் பின்னலைக் காப்பாற்றத்தான். மழையில் நனைவதும் வெயிலில் காய்வதுமாக இருந்தால் மரம் வெடிக்கும், வெடிப்பில் ஈரம் தங்கும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். மூடாத மரப்பாலம் பத்திருபது ஆண்டு தாங்கினால் பெரிது. மூடியது நூறு ஆண்டுக்கு மேலும் நிற்கிறது. கூரை ஓட்டையானால் பலகையை மாற்றிக்கொள்ளலாம், தாங்கும் சட்டம் உளுத்துப்போனால் பாலமே போய்விடும். அழகுக்காக எவரும் அதைப் போடவில்லை. அழகு பின்னால் வந்தது.

10 ஜூன்

‘பனி கூரையில் விழட்டும், பாலத்தில் தங்கக் கூடாது என்பதற்காகத்தான் கூரை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நடந்தது நேர்மாறானது. அக்காலத்தில் குளிர்காலம் முழுக்கச் சறுக்கு வண்டிகள்தான். உள்ளே பனி இல்லாவிட்டால் மரத்தரையில் வண்டி இழுபடாது. அதனால் வெளியிலிருந்து பனியை அள்ளி வந்து பாலத்துக்குள் பரப்ப ஆள் வைத்திருந்தார்கள். குதிரை தண்ணீரைப் பார்த்து மிரளாமல் இருக்கத்தான் கூரை என்பதும் அடிக்கடி சொல்லப்படுவது. அப்படி ஒரு பயன் கிடைத்திருக்கலாம். ஆனால் அதற்காக அவ்வளவு மரத்தையும் கூலியையும் யாரும் செலவழித்திருக்க மாட்டார்கள்.

15 ஜூன், ஞாயிறு: வழி

இன்று சித்தப்பாவோடு போய் வந்தேன். அவர் சாலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலத்தைக் கண்டால் மேலே நிற்க மாட்டார், கீழே இறங்கிவிடுவார்.

கிருஷ்ணகிரி அணையில் தொடங்குங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். அணையின் முழுக்கொள்ளளவு 52 அடி. 2017 நவம்பரில் முதல் ஷட்டர் உடைந்து தண்ணீர் பாய்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். அணைக்கு முன்னால் உள்ள தரைப்பாலத்தில் நின்று மதகுகளை நிமிர்ந்து பாருங்கள். தண்ணீரை அதிகமாகத் திறக்கும் நாட்களில் இந்தத் தரைப்பாலமே மூழ்கிவிடும், அன்று அந்தப் பக்கமே போகக் கூடாது. மீன் வறுவல் கடைகளைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து காவேரிப்பட்டினம். பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு போச்சம்பள்ளிப் பக்கம் திரும்பியதும் நிலம் மாறிவிடுகிறது. இரு பக்கமும் மாந்தோப்பு, இடையிடையே தென்னை, தூரத்தில் மொட்டைப் பாறைக் குன்றுகள். சந்தூரில் மாங்கன்று நாற்றுப் பண்ணைகள் வரிசையாக இருக்கின்றன. ஞாயிறு போனால் போச்சம்பள்ளி வாரச்சந்தை. எங்களுக்கு அங்கேயே ஒரு மணி நேரம் கரைந்துவிட்டது. பெங்களூரா மாங்காய் டிராக்டர் டிராக்டராகக் கூழ் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த ஆண்டு விலை விழுந்து கிடப்பதால் ஓட்டுபவர் முகத்தில் சுரத்தில்லை.

அடுத்தது இருமத்தூர். பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்றால் ஆறு அகலமாகத் தெரியும், தண்ணீர் ஒரு ஓரமாக ஓடும். மீதியெல்லாம் பாறையும் மணலும் நாணலும். பிறகு கம்பைநல்லூர், மொரப்பூர் வழியாக அரூர். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஒரு குறுகிய ரயில் பாதை போட்டார்கள், பின்னர் ஓசூர் வரை நீட்டினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது 1941-இல் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பாதையின் சிறுபாலங்கள் ஏதாவது காட்டுக்குள் மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதைப் பார்க்க எனக்குத் தீராத ஆசை.

அரூரைத் தாண்டினால் மரவள்ளி, மஞ்சள், கரும்பு. அனுமன்தீர்த்தத்தில் மறுபடி தென்பெண்ணை. இராமர் பூசைக்குத் தீர்த்தம் கொண்டுவர அனுமன் தாமதமானதால் மலையில் அம்பு விட்டு நீர் வரவழைத்தாராம், அதுதான் தீர்த்தமலை. பிந்தி வந்த அனுமன் வீசிய பாத்திரம் விழுந்த இடம் இது. கதை தெரிந்தபின் பாலத்தில் நின்று மலையின் திசையைத் தேடாதவர்கள் இருக்க மாட்டார்கள். அங்கிருந்து ஊத்தங்கரை, மத்தூர், கிருஷ்ணகிரி.

16 ஜூன்

நேற்று அவசரத்தில் விட்டது. இருமத்தூருக்கு முன் ஓர் ஓடைச் சிறுபாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார் சித்தப்பா. பெயரில்லாத மூன்று கண் பாலம், கடந்து போகிறவர்கள் அதைப் பாலம் என்றே எண்ண மாட்டார்கள். கீழே இறங்கித் தளத்தின் அடியைக் காட்டினார். கான்கிரீட்டின் அடிப்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாக வழிந்த தழும்புகள், சில இடங்களில் சிறு கூம்புகளாகத் தொங்குகின்றன. விரலால் தொட்டால் சுண்ணாம்பு ஒட்டுகிறது. ‘மேலே தேங்கும் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அடுத்தது கம்பி துருப்பிடிக்கும், துரு பருத்துக் காரையை உடைக்கும்’ என்றார். மேலே ஏறிப் பார்த்தோம். வடிகால் குழாயின் வாய் மண்ணால் அடைபட்டு, அதன் மேல் புல் முளைத்திருந்தது. சித்தப்பா ஒரு குச்சியால் குத்திக் குத்தி மண்ணைத் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் குழாயின் மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது.

கார்னிஷ் பாலத்தின் கூரை என்ன வேலை செய்கிறதோ அதே வேலையைத்தான் நம் பாலத்தில் அந்த ஒரு சாண் குழாய் செய்கிறது. மரத்துக்கும் எமன் தண்ணீர், கான்கிரீட்டுக்கும் எமன் தண்ணீர். அவர்கள் கூரையை நூற்றைம்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறார்கள். நாம் குழாயின் வாயில் புல் வளர விட்டிருக்கிறோம். ஓசூர் நண்பரின் கேள்விக்கு நான் தர நினைக்கும் பதில் இதுதான்: போங்கள், பாருங்கள், ஆனால் பாலத்துக்குக் கீழேயும் பாருங்கள்.

17 ஜூன்

‘தரைப்பாலத்தைப் பார்க்க யார் பெட்ரோல் போட்டுப் போவார்கள்?’ என்று பாலக்கோட்டுக்காரர் கேட்கிறார். நான் போவேன்.

தரைப்பாலம் என்பது கூரைப் பாலத்துக்கு நேர் எதிரான யோசனை. ஒன்று தண்ணீரைத் தன் மேல் பட விடாது. மற்றொன்று ‘வெள்ளம் வந்தால் என் மேலேயே போகட்டும், வடிந்ததும் நான் இருப்பேன்’ என்று ஆற்றோடு ஒட்டிப் படுத்திருக்கும். ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கிடந்து சில நாட்கள் மட்டும் பொங்கும் நம் ஆறுகளுக்கு அது முட்டாள்தனமான யோசனை அல்ல. குறைந்த செலவில் இரண்டு ஊர்களை இணைத்துவிடும். வெள்ளையடித்த கல் தூண்கள் இரு ஓரமும் வரிசையாக நிற்பது, தண்ணீர் ஏறும்போது பாதை எது, பள்ளம் எது என்று காட்டத்தான்.

17 ஜூன், இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். தரைப்பாலத்தை இவ்வளவு புகழ்ந்தால் போதாது, அது கேட்கும் விலையையும் சொல்ல வேண்டும்.

ஆகாயத்தாமரையும் முள்மரக் கிளைகளும் குழாய்க் கண்களை அடைத்துக்கொண்டால் சிறிய வெள்ளத்துக்கே தண்ணீர் மேலே ஏறிவிடும். பாலத்தைத் தாண்டி விழும் தண்ணீர் கீழ்ப்பக்க மண்ணை அரித்துக் குழி பறிக்கும். மணல் அள்ளிய ஆறாக இருந்தால் இன்னும் வேகம். மேலே நின்று பார்த்தால் சாலை சாலையாகத்தான் தெரியும், அடியில் ஒன்றும் இருக்காது. முழங்கால் அளவு ஓடும் தண்ணீர்கூட இழுப்பு இருந்தால் ஆளைச் சாய்த்துவிடும், வண்டியைத் தள்ளிவிடும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ‘நேற்றும் இப்படித்தான் கடந்தேன்’ என்று இறங்கியவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது. பள்ளிப் பிள்ளைகளும் பால்காரர்களும் சுற்றுவழி இல்லாமல்தான் இறங்குகிறார்கள், வீரம் காட்ட அல்ல.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயலின் மிச்சம் நம் பக்கம் வந்து நின்றபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை ஏரி வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை நாடே பார்த்தது. அதே வெள்ளத்தில் சாத்தனூர் அணைக்குக் கீழே, திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்து சில மாதங்களே ஆன உயர்மட்டப் பாலத்தை இதே தென்பெண்ணை அடித்துக்கொண்டு போனது. உயரமாகக் கட்டினால் மட்டும் தப்பித்துவிட முடியாது. வெர்மாண்டிலும் இதே கதைதான். 1870-இல் கட்டிய பார்டன்ஸ்வில் கூரைப் பாலம் 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளத்தில் போயிற்று. அந்த ஊர்க்காரர்கள் அதே இடத்தில் மறுபடி கூரைப் பாலமே கட்டி 2013-இல் திறந்தார்கள்.

22 ஜூன்

மரத்தில்தான் கூரைப் பாலம் என்பது இல்லை, அமெரிக்காவில் மட்டும்தான் என்பதும் இல்லை. வியட்நாமின் ஹோய் ஆன் ஊரில் ஜப்பானிய வணிகர்கள் கட்டியதாகச் சொல்லப்படும் பாலத்துக்குக் கல் தூண்கள், மேலே மரமும் ஓடும், நடுவில் ஒரு சிறு கோயில். அந்நாட்டின் இருபதாயிரம் டாங் நோட்டில் அதன் படம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் நகரத்துக் கூரைப் பாலம் 14-ஆம் நூற்றாண்டினது. 1993 ஆகஸ்டில் பெரும்பகுதி எரிந்து, அடுத்த ஆண்டே மீண்டும் கட்டிவிட்டார்கள். உலகிலேயே நீளமானது கனடாவின் ஹார்ட்லண்ட் பாலம், 391 மீட்டர். 1901-இல் திறந்தபோது அதற்குக் கூரை கிடையாது, இருபது ஆண்டு கழித்துத்தான் போட்டார்கள். அதாவது ஏற்கெனவே இருக்கும் பாலத்தின் மேல் பின்னாளிலும் அக்கறை காட்டலாம்.

29 ஜூன்

ஒகேனக்கல் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தொங்கு பாலத்தைப் பாலக் கணக்கில் சேர்க்கலாம், தாராளமாக. நடுவில் நின்று கீழே பாறை இடுக்கில் காவிரி நுரைத்துப் போவதைப் பார்ப்பது மறக்க முடியாதது. ஆனால் நீர்வரத்து கூடினால் பரிசலும் குளியலும் நிறுத்தப்படும். பென்னாகரம் தாண்டி மலையிறங்கிய பிறகு திரும்பி வர வேண்டியிருக்கும். பிலிகுண்டுலு அளவுமானியில் எத்தனை கனஅடி என்று காலையிலேயே செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். என் தனிப்பட்ட கருத்து: ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒகேனக்கல் போவதைவிட ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டுப் போவது மேல்.

6 ஜூலை

புளியமரங்களை எழுதாமல் விட்டது என் மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. அரூர்ப் பக்கம் சில கிளைச் சாலைகளில் இன்னும் இரண்டு பக்கத்துப் புளியமரங்களும் மேலே கைகோத்து நிற்கின்றன. நடுப்பகலில் அதன் கீழ் நுழைந்தால் வெயில் அணைந்துவிடுகிறது. சாலையில் வட்ட வட்டமாக வெளிச்சம் மட்டும் கிடக்கும். ஒவ்வொரு மரத்திலும் எண் எழுதியிருப்பார்கள், புளியம்பழத்தை ஏலம் விடுவார்கள். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போவதும் அவைதான். இருவழிச் சாலை தேவைப்படும் ஊருக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் வெட்டியதற்கு ஈடாக நடும் கன்றுகள் வண்ணப் பூ பூக்கும் அலங்காரச் செடிகளாக இருக்கக் கூடாது. புளியும் வேம்பும் இலுப்பையும் நட வேண்டும். நிழல் கிடைக்க முப்பது ஆண்டு ஆகும் என்பதற்காகத்தான் இன்றே நட வேண்டும்.

23 ஜூலை

தலைப்புக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் இன்று சொல்லாமல் இருக்க முடியாது. சுப்பிரமணிய சிவா பாப்பாரப்பட்டியில் மறைந்து இன்றோடு நூறு ஆண்டு. தொழுநோயாளி என்று ரயிலில் ஏற விடாத காலத்தில் ஊர் ஊராக நடந்தவர் அவர். பென்னாகரம் போகிறவர்கள் பாப்பாரப்பட்டி வழியாகச் சுற்றிப் போனால் அவருடைய நினைவிடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். பிள்ளைகளை இறக்கி அழைத்துப் போங்கள்.

3 ஆகஸ்ட், ஆடி 18

இருமத்தூரிலிருந்து எழுதுகிறேன். இன்று பாலத்தைப் பார்க்க முடியாது, மனிதர்களைத்தான் பார்க்க முடியும். புதுமணப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றுகிறார்கள், சாமி சிலைகளையும் வேல்களையும் ஆற்றில் நீராட்டிப் பம்பை அடித்துக்கொண்டு கரையேறுகிறார்கள். கரையில் கோழிக்குழம்பு கொதிக்கிறது. அனுமன்தீர்த்தத்திலும் இதே கூட்டம் என்று சித்தப்பா போனில் சொன்னார். ஆற்றைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் இன்று வராதீர்கள். ஆற்றை நம் மக்கள் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பவர்கள் அடுத்த ஆண்டு காலை ஆறு மணிக்கே வந்துவிடுங்கள்.

4 ஆகஸ்ட்

ஓசூர் நண்பர் குடும்பத்தோடு போய் வந்ததாக எழுதியிருக்கிறார். வழி நீளமாக இருந்தது, அரூருக்குள் பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள் என்கிறார். சரிதான். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அணை, போச்சம்பள்ளி, இருமத்தூரோடு திரும்பிவிடுங்கள். இன்னொரு நாள் அரூர், தீர்த்தமலை, அனுமன்தீர்த்தம். மலை ஏற வேண்டுமானால் தீர்த்தமலையைக் காலையில் வைத்துக்கொண்டு ஆற்றுக்கு மாலையில் வாருங்கள். ஓசூரிலிருந்து கிளம்புகிறவர்கள் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியையும் கெலவரப்பள்ளி அணையையும் சேர்த்துக்கொண்டால் தென்பெண்ணையை மேலிருந்தே தொடங்கலாம். அங்கே சில நாட்களில் ஆறு வெண்ணுரை கக்கிக்கொண்டு வரும். அதையும் பிள்ளைகளுக்குக் காட்டி, அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லுங்கள்.

அவர் அனுப்பிய படங்களில் ஒன்று என்னை உட்கார விடவில்லை. ஒரு பாலத்தின் இணைப்பு இடைவெளியில் அரசங்கன்று ஒன்று நாலு இலையோடு தளதளவென்று நிற்கிறது. சித்தப்பாவிடம் காட்டினேன். ‘விரல் பருமனில் இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் வேர் உள்ளே பருத்துக் கல்லைப் பிளந்துவிடும்’ என்றார். அந்தப் படத்தையும், அடைபட்ட வடிகால் குழாயின் படத்தையும், இரண்டு இடத்தையும் குறித்து ஒரு பக்கத்தில் எழுதி இன்று திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்துவிட்டேன். ரசீது கையில் இருக்கிறது. நீங்களும் போகும் வழியில் இப்படி ஏதாவது கண்டால் கிலோமீட்டர் கல் தெரியும்படி படம் எடுத்து இங்கே போடுங்கள், சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

5 ஆகஸ்ட்

சாமல்பட்டிக்கும் மொரப்பூருக்கும் இடையே சேலம் ரயில் பாதை தென்பெண்ணையைத் தாண்டும் இடத்துக்குச் சாலை வழியாக எப்படிப் போவது என்று யாராவது சொல்லுங்கள். தண்டவாளத்தில் நடக்காமல் ஆற்றங்கரை வழியாகப் பாலத்தின் தூண்களைப் பார்க்க வேண்டும். சித்தப்பா அடுத்த வாரமே கிளம்பத் தயாராக இருக்கிறார்.